சட்டத்தரணியும் கட்சிக்காரரும்

நோயாளியின் வீட்டினுள் நுழையும் மருத்துவன் அங்குள்ள பெண்களோடோ ஆண்களோடோ காம உறவு கொள்ளலாகாது என்பது, கிரேக்க நாட்டு ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் பழைய உறுதிமொழியில் வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருக்கின்றது. அவ்வுறுதிமொழி ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமையுடையது. சட்டத்தரணிகளுக்கோ அத்தகைய வெளிப்படையான சொல் நெடுங்காலம் இருந்ததில்லை. கட்சிக்காரரோடு அவ்வித உறவைத் தொடங்கலாகாது என்று அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கம் தன் மாதிரி விதிகளிலே எழுதி வைத்தது 2002 ஆம் ஆண்டிலேதான். மருத்துவன் தொடுவது உடலை. சட்டத்தரணி தொடுவது கடதாசியைத்தானே என்று உலகம் எண்ணியிருந்தது போலும்.

அந்தக் கடதாசியில் என்ன இருக்கின்றது என்பதை அறிய மயிலிட்டி போன்ற ஓர் ஊரைப் பார்த்தாற் போதும். காங்கேசன்துறைக்குக் கிழக்கே, பலாலிக்கு அண்மையில், வடகடலைப் பார்த்துக் கிடக்கும் மீன்பிடித் துறை அது. 1990 ஜூன் மாதத்தில் அவ்வூர் மக்கள் அனைவரும் இடம்பெயர்ந்தனர். துறைமுகமும் அதையொட்டிய காணிகளிற் சிலவும் மீள அவர்கள் கைக்கு வந்தது 2017 ஜூலையில். இடைப்பட்ட 27 ஆண்டுகளில் உறுதிகள் தொலைந்தன. வேலிகளும் எல்லை மரங்களும் அழிந்தன. காணிக்காரர் பலர் நலன்புரி நிலையங்களிலேயே கண்மூடினர். உரித்தாளிகள் கடல் கடந்தனர். 2013 இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கும் அறிவித்தல் வெளிவந்தபோது, காணிக்காரர்கள் திரளாக நீதிமன்றத்தை நாடினர். முன்பு கடலையும் வலையையும் தவிர வேறொன்றறியாத குடும்பங்கள்கூடச் சட்டத்தரணியின் மேசைக்கு முன்னே உட்கார வேண்டியதாயிற்று.

கணவன் பிரிந்துபோய்ச் சில ஆண்டுகளான ஒரு பெண், தனக்குச் சீதனமாக வந்த மயிலிட்டிக் காணியை ஈடு வைத்து, இடிந்த வீட்டைக் கட்ட விரும்புகிறாள் என்று கொள்ளலாம். தேசவழமையின்படி, மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனுடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். கணவன் கைவிட்டுச் சென்றிருந்தால், அச்சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் கட்டளையைப் பெறலாம் என்கிறது 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டம். ஆகவே அவள் ஒரு சட்டத்தரணியிடம் போகிறாள். கணவன் ஏன் போனான், அடித்தானா, யார் பிழை, கையில் எவ்வளவு காசு, எவரிடம் கடன், பிள்ளைகள் யாருடன் என்பனவெல்லாம் அவள் சொல்லியாக வேண்டும். தாய்க்கும் தமக்கைக்கும் சொல்லாதவற்றை அந்த மேசைக்கு முன்னே சொல்கிறாள். எதிரே இருப்பவர் தம் வாழ்க்கையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

இவ்விடத்தில் அன்பு முளைக்குமானால், அது ஒருவர் மற்றவரை முழுக்க அறிந்தும், மற்றவர் ஒன்றும் அறியாமலும் முளைக்கும் அன்பு. இருவரும் வயதுவந்தவர்கள், மனமொத்தவர்கள், இதில் மூன்றாமவருக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. பெண்ணைத் தன் மனம் அறியாத பேதையாகக் கருதும் விதி எதுவும் நல்ல விதியன்று. ஆயினும், ‘ஆம்’ என்ற சொல்லின் பெறுமதி, ‘இல்லை’ என்று சொல்ல முடிந்தவரிடமே விளங்கும். வழக்கு அரைவழியில் நிற்கும்போது, உறுதியின் ஒரேயொரு பிரதி அவருடைய அலுமாரியில் இருக்கும்போது, கூலி பாதி கொடுத்தும் கொடுக்காமலும் இருக்கும்போது, அவள் ‘இல்லை’ என்று சொல்லி எழுந்து போவது எளிதா? அவளுக்கே அதன் விடை தெரியாமலிருக்கலாம். கட்சிக்காரர் ஆணாகவும் சட்டத்தரணி பெண்ணாகவும் இருப்பினும் கணக்கு மாறாது. வழக்கில் மாட்டிக்கொண்டவர் யார் என்பதே பொருள்.

மனத்தின் கதையை விட்டு வழக்கின் கதைக்கு வந்தால், கேடு இன்னும் தெளிவாகத் தெரியும். அதே பெண் பராமரிப்புக் கோருகிறாள் என்க. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்படி, சோரத்தில் வாழும் துணைவருக்குப் பராமரிப்புக் கட்டளை கிடையாது. விவாகரத்து வழக்காயின், இலங்கையின் பொதுச் சட்டம் இன்னமும் பிழையை நிறுவச் சொல்லும் சட்டம். மணத்துக்குப் பின்னான சோரமும் வேண்டுமென்றே கைவிட்டுப் போதலும் அப்பிழைகளுட் சேர்ந்தவை. மனைவிமேற் சோரம் சாட்டும் கணவன், அதற்கு உடந்தையானவன் என்று கூறப்படுபவனையும் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும் என்பது குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் பொது விதி. எதிர்க்கட்சிக்கு விஷயம் தெரிய வந்தால், அவளுக்காக எழுந்து பேச வேண்டிய சட்டத்தரணி, அவள் பக்கத்திலே இரண்டாம் பிரதிவாதியாக நிற்பார்! வெல்லக்கூடிய வழக்கை வெல்ல முடியாத வழக்காக்கியவர் அவளுடைய எதிரியல்லர்.

இன்னொரு நுட்பம் பலர் அறியாதது. 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 126 ஆம் பிரிவு, கட்சிக்காரர் சொன்னதைச் சட்டத்தரணி அவருடைய வெளிப்படையான சம்மதமின்றி வெளியிடலாகாது என்கிறது. தொழில் முடிந்த பின்னரும் அக்காவல் நீடிக்கும். ஆனால் அது தொழிலின் போக்கிலும் தொழிலின் பொருட்டும் சொல்லப்பட்டவற்றுக்கே உரியது. மேசைக்கு முன்னே சொன்னது காவலுள் அடங்கும். கடற்கரை மணலில் அமர்ந்து காதலனிடம் சொன்னது அடங்குமா? எங்கே கட்சிக்காரர் முடிந்து காதலி தொடங்கினாள் என்று ஒரு நீதவான் கோடு கிழிக்க வேண்டிய நிலை வரும். அக்கோடு எப்பக்கம் விழும் என்று முன்கூட்டிச் சொல்ல எவராலும் முடியாது.

அதே சட்டத்தின் 111 ஆம் பிரிவும் இங்கே நினைக்கத்தக்கது. ஒருவர் மற்றவரது நம்பிக்கைக்குரிய நிலையில் இருக்கும்போது அவர்களிடையே நடந்த கொடுக்கல் வாங்கலின் நேர்மையை, நம்பிக்கை பெற்றவரே மெய்ப்பிக்க வேண்டும். கட்சிக்காரர் தம் சட்டத்தரணிக்குச் சொத்து விற்றதையே சட்டம் இதற்கு உதாரணமாகக் காட்டுகிறது. ஒரு பரப்புக் காணி கைமாறினால் ஐயப்பட வேண்டும் என்று அன்றே உணர்ந்த சட்டம், மனம் கைமாறுவதைப் பற்றி மௌனமாயிருந்தது விந்தைதான்.

அந்த மௌனம் இலங்கையில் இன்னும் கலையவில்லை. உயர்நீதிமன்றம் 1988 இல் வகுத்த சட்டத்தரணிகளின் நடத்தை, ஒழுக்கம் பற்றிய விதிகள், தொழிலுக்கு இழுக்கான நடத்தையைப் பொதுப்படக் கண்டிக்கின்றன. காதலைப் பெயர் சொல்லித் தொடவில்லை. முற்காலத்தில் ஓரளவு இடைவெளியைத் தொழிலின் அமைப்பே தந்தது எனலாம். கட்சிக்காரர் பிறக்கிராசியாரிடம் போவார். பிறக்கிராசியார் அப்புக்காத்தரிடம் போவார். மன்றில் முழங்கும் அப்புக்காத்தரைக் கட்சிக்காரர் தனியே காண்பது அரிது. 1973 ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் இருவரையும் ஒரே சட்டத்தரணியாக்கியது. செலவு குறைக்கும் நல்ல மாற்றம்தான். ஆனால் இடையில் இருந்த அந்த மூன்றாவது கதிரையும் அதனோடு போயிற்று.

பிற நாடுகள் தயங்கித் தயங்கியே நகர்ந்தன. கலிபோர்னியா 1992 இல், கட்டாயப்படுத்துதலையும் வழக்கைக் கெடுக்கும் உறவையும் மட்டும் தடுத்தது. 2018 இலேயே தடையைப் பொதுவாக்கியது. நியூயோர்க் 1993 இல் முதலில் குடும்ப வழக்குச் சட்டத்தரணிகளையே கட்டுப்படுத்தியது. மணமுறிவு வேளையில் மனம் எவ்வளவு நொய்மையானது என்று அறிந்த செயல் அது. கனடாவில் ஒன்ராறியோ நீதிமன்றம் 1986 இல் ஒரு வழக்கைத் தீர்த்தது. வேலை நீக்கம் பற்றிய வழக்கிலே கணவனுக்காகத் தோன்றிய சட்டத்தரணி, அத்தொழிலின் வழியே அக்குடும்பத்தின் அந்தரங்க மனக்குறையை அறிந்து, மனைவியோடு உறவு கொண்டார். அது நம்பிக்கைத் துரோகம் என்று கண்டு, நட்டஈடு கொடுக்கும்படி மன்று பணித்தது. அங்கே காதலி கட்சிக்காரர் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது. அறிந்ததைப் பயன்படுத்தியதே குற்றமாயிற்று.

எந்த நாட்டு விதியும் காதலையே தடுத்துவிடவில்லை. முன்பே தொடங்கிய உறவுக்கு அமெரிக்க மாதிரி விதி இடம் விடுகின்றது; மனைவியின் காணி வழக்கைக் கணவன் பேசுவதில் எவருக்கும் தடையில்லை. இடையிலே அன்பு பிறந்துவிட்டால் செய்யத்தக்கது ஒன்று உண்டு. கோவையை முழுதாக வேறொரு சட்டத்தரணியிடம் ஒப்படைத்து, நீதிமன்ற அனுமதியோடு நியமனத்தை நீக்கிக்கொண்டு, கணக்கைத் தீர்த்து, உறுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பிறகு போய்ப் பேசுவது. மெய்யன்பாயின் அத்தனை நாட்கள் காத்திருப்பதால் அது வாடிவிடாது. காத்திருக்க மறுப்பவருக்கு வேண்டியது அவளா, அவளுடைய தங்கியிருத்தலா என்பது அப்போதே வெளிப்பட்டுவிடும்.

அப்படிச் செய்யாதவர்மேல் முறையிடவும் வழியுண்டு. சட்டத்தரணியை இடைநிறுத்தவோ பெயரை நீக்கவோ அதிகாரம் பெற்றது உயர்நீதிமன்றம். அது இருப்பது மயிலிட்டியிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்பில். நடந்ததைச் சத்தியக் கடதாசியில் எழுதி அனுப்ப வேண்டும். அதைச் சட்ட முறைப்படி எழுதித் தரும்படி அவள் நாட வேண்டியவரும் ஒரு சட்டத்தரணிதான். பெரும்பாலும், மற்றவரோடு அதே மல்லாகம் நீதிமன்றத்தில் நாள்தோறும் முகம் பார்ப்பவர். அவர் முன்னே அவள் மறுபடியும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லத் தொடங்க வேண்டும்.