ஏரி விட்டு ஏரி போகும் தவளை

இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை என்று உயிரியல் ஏடுகள் சொல்லிவந்த இரண்டு தவளைகள், ஆந்திரத்தின் பழைய சித்தூர் மாவட்டத்தில் அகப்பட்டிருக்கின்றன. ஒன்று திருப்பதியை ஒட்டிய சேஷாசல மலைத்தொடரில். மற்றது பலமநேர் பக்கம் ஒரு குளத்தில். இந்திய விலங்கியல் அளவைத் துறையின் ஐதராபாத் மைய ஆய்வாளர்கள் இவற்றின் டிஎன்ஏவை இலங்கைத் தவளைகளின் டிஎன்ஏவோடு ஒப்பிட்டு, இரண்டும் அதே இனங்கள்தான் என்று சொல்லியிருக்கிறார்கள்.

மலையில் கிடைத்தது, 2005இல்தான் இலங்கையில் பெயர் சூட்டப்பட்ட ஒரு சிறு புதர்த்தவளை. சேஷாசலம் 2010 முதல் உயிர்க்கோளக் காப்பகம். பரப்பு ஏறத்தாழ 4,750 சதுர கிலோமீட்டர். அவ்வளவு பெரிய காட்டில் இதுவரை கண்ணில் படாத ஒரு தவளை ஒளிந்திருந்தது என்றால் யாரும் பெரிதாக வியக்கப்போவதில்லை. எனக்குப் பெரிய செய்தியாகத் தெரிவது பலமநேர்க் குளம்தான். தக்காளிக்கும் பட்டுக்கூட்டுக்கும் பெயர்போன ஊர் அது. சுற்றிலும் உழவு நடக்கிற மண். அங்கே இருந்த பொன்முதுகுத் தவளைக்கு ஜெர்மானிய விலங்கியலாளர் கிராவென்ஹார்ஸ்ட் 1829இலேயே பெயர் வைத்துவிட்டார். இலங்கையின் தாழ்நிலங்களில் வயல், சதுப்பு, குளம் என்று மனிதர்களுக்குப் பக்கத்திலேயே வாழ்ந்து பழகியது. இங்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. தேடியவர்கள் காட்டில் தேடினார்கள், அவ்வளவுதான்.

எப்படி வந்தது? யாரும் கொண்டுவர வேண்டிய அவசியமே இல்லை. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாதது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் இறங்கியிருந்தது. அப்போது இலங்கை தீவல்ல, தமிழகத்தின் நீட்சி. கடல் ஏறி அந்தத் தரையை மூடி ஏறத்தாழ 10,000 ஆண்டுகளே ஆகின்றன.

இதில் ஒரு புதிரும் உண்டு. 2004இல் 'சயின்ஸ்' இதழில் பிராங்கி போசைட் குழுவினர் எழுதிய ஆய்வு, தரைப்பாலம் பலமுறை தோன்றியும் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயிர்களும் இலங்கை மழைக்காட்டின் உயிர்களும் பெரிதாகக் கலக்கவில்லை என்று காட்டியது. ஈரக்காட்டுத் தவளைக்கு நடுவிலிருந்த வறண்ட சமவெளியைக் கடக்க முடியவில்லை. பாலம் இருந்தும் பயனில்லை. ஆனால் வறண்ட நிலத்துக்கே பழகிய தவளைக்கு அந்தச் சமவெளி தடையா என்ன? அதுதானே அதன் ஊர். சேஷாசலத்தில் கிடைத்த புதர்த்தவளை இலங்கையிலும் வறண்ட பகுதிகளில் வாழ்வதுதான். அப்படிப் பார்த்தால் இலங்கையின் உறவு மேற்கு மலையில் மட்டுமில்லை, கிழக்குத் தொடர்ச்சி மலையிலும் இருக்கிறது.

தவளைகளைக் கண்ணால் பார்த்து இனம் பிரிப்பது ஏமாற்று வேலை. நிறம் மாறும், வரி மாறும், ஆணும் பெண்ணும் அளவில் வேறுபடும். அதனால் ஆய்வாளர்கள் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள 16எஸ் போன்ற மரபணுத் துண்டுகளைப் படிக்கிறார்கள். சில நூறு டிஎன்ஏ எழுத்துகள்தான். வாயின் உட்புறத்தைப் பஞ்சால் வருடி எடுத்தாலே போதிய டிஎன்ஏ கிடைக்கும். தவளையைத் திரும்ப விட்டுவிடலாம். இந்த எழுத்துகளில் சுமார் 3 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால், வேறு இனமாக இருக்குமோ என்று சந்தேகிக்கத் தொடங்குவார்கள்.

இனம் எது என்பது முதல் கேள்வி. அந்த இனம் அந்தக் குளத்தில் எத்தனை காலம் தாக்குப்பிடிக்கும் என்பது அடுத்த கேள்வி. அதற்கான விடை, ஒரே குளத்துத் தவளைகளுக்குள் எழுத்துகள் எவ்வளவு மாறுபடுகின்றன என்பதில் இருக்கிறது. இதைத்தான் மரபணுப் பன்மை என்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குளத்தில் இனம்பெருக்கும் தவளைகள் 100. ஆண் 50, பெண் 50. எந்தக் கூட்டத்திலும் ஒவ்வொரு தலைமுறையிலும் சில மரபணு வடிவங்கள் வெறும் தற்செயலாகவே அறுந்துபோகும். கூட்டம் சிறியதாக ஆக, இழப்பு வேகமாகும். இந்த நூறு தவளைகளிடம், வெளியிலிருந்து எதுவும் வராவிட்டால், 50 தலைமுறைக்குப் பிறகு முதலில் இருந்த பன்மையில் ஏறத்தாழ 78 விழுக்காடு மிஞ்சும். அதே நூறில் ஆண் 10, பெண் 90 என்று ஆகிவிட்டால்? எண்ணிக்கை நூறுதான், ஆனால் மரபியல் கணக்கில் அது 36 தவளைகளுக்குத்தான் சமம். எல்லாக் குஞ்சுகளுக்கும் தகப்பன் அந்தப் பத்துப் பேர்தானே. 50 தலைமுறையில் பாதிப் பன்மை போய்விடும். தவளைக்கு ஒரு தலைமுறை என்பது ஓரிரு ஆண்டுதான். குளக்கரையில் நின்று எண்ணினால் எண்ணிக்கை அப்படியேதான் இருக்கும். உள்ளே சரக்கு தீர்ந்துகொண்டிருக்கும்.

இந்த ஆண்-பெண் விகிதம் வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. கரும்பிலும் மக்காச்சோளத்திலும் களை கொல்லத் தெளிக்கும் அட்ரசின் பற்றி, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து டைரோன் ஹேய்ஸ் 2010இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். மரபணுப்படி ஆண்களான 40 ஆப்பிரிக்கத் தவளைகளை, நூறு கோடியில் 2.5 பங்கு அட்ரசின் கலந்த நீரில் வளர்த்தார். பத்தில் ஒன்று பெண்ணாக மாறியது. இணைசேர்ந்து முட்டையும் இட்டது. பிறந்த குஞ்சுகள் அத்தனையும் ஆண். தயாரிப்பு நிறுவனம் மறுத்தது, சர்ச்சை இன்னும் ஓயவில்லை. சித்தூர்ப் பக்கத்து வெல்ல வியாபாரம் கரும்பை நம்பியது என்பதால் இந்தச் சர்ச்சையைத் தொலைவில் நடப்பதாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பன்மை குறைந்தால் என்ன நட்டம்? நோய் வரும்போது தெரியும். தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சையால் உலகில் 501 இருவாழ்வி இனங்கள் சரிந்தன, அவற்றில் 90 அற்றுப்போயின என்று 2019இல் கணக்கிட்டார்கள். தப்பிய கூட்டங்களில் சிலவற்றைக் காப்பாற்றியது, நோயெதிர்ப்பு மரபணுக்களில் இருந்த வேறுபாடு.

இழப்பை ஈடுகட்டும் வழி வியப்பூட்டும் அளவுக்கு மலிவானது. சீவால் ரைட் என்ற அமெரிக்க மரபியலாளரின் 1931ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து ஒரு நடைமுறை விதி பிறந்தது: தலைமுறைக்கு ஒரே ஒரு புதிய விலங்கு வெளியிலிருந்து வந்து இனம்பெருக்கினால் போதும், இரண்டு கூட்டங்கள் மரபணுவில் அடியோடு பிரிந்துபோகாது. மழை இரவொன்றில் ஒரு தவளை, பக்கத்து ஏரியிலிருந்து வரப்பு ஏறி இறங்கி வந்து சேர்ந்தால் போதும்!

அந்த ஒரு தவளைக்கு வழி இருக்கிறதா? சித்தூர், திருப்பதி பக்கத்து ஏரிகள் பெரும்பாலும் சங்கிலிபோல வெட்டப்பட்டவை. மேல் ஏரியின் கலங்கல் நீர் ஓடையாக இறங்கிக் கீழ் ஏரியை நிரப்பும்; நடுவில் நஞ்சை. ஈரம் அறாத பாதை அது. ஓடை ஆக்கிரமிப்பில் போனால், கால்வாய்க்குச் சிமெண்ட் பூசினால், பாதை துண்டாகும். அதே சித்தூர்ப் பக்கத்துக் குப்பம் ஊரில் 1990களில் இஸ்ரேல் உதவியோடு தொடங்கிய சொட்டுநீர்ப் பாசனம் நிலத்தடி நீருக்கு நல்லது, மறுக்க மாட்டேன். ஆனால் தவளைக்கு வேண்டிய வாய்க்கால் ஈரம் அதில் இல்லை. பிளாஸ்டிக் விரித்த பண்ணைக்குட்டை இன்னும் மோசம். விழுந்த தவளைக்கு வழுக்கும் சரிவில் ஏற முடியாது. ஒரு ஓரத்தில் கோணிச்சாக்கோ கல்லோ போட்டுவைத்தால் தீரும் சிக்கல் அது. தூர் வாரும்போது மொத்த ஏரியையும் ஒரே கோடையில் வழித்தெடுக்காமல், ஒரு பக்கக் கரையின் கோரையையும் சேற்றையும் அடுத்த ஆண்டுக்கு விட்டுவைக்கலாம். மண்ணுக்குள் கோடையைக் கழிக்கும் தவளைகள் பிழைக்கும்.

மலைத்தவளைக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. அதற்குக் குளமே வேண்டாம். அதன் பேரினத்தில் பெரும்பாலானவை ஈரமண்ணில் முட்டையிடும். தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டைக்குள்ளிருந்து நேராகக் குட்டித் தவளை வெளிவரும். ஆனால் ஈரமண் இல்லாமல் அதற்கு வழியில்லை. காடு தீப்பிடித்து இலைச்சருகு எரிந்தால் ஈரமண்ணும் போய்விடும். வேலி போட்டுக் காக்க வேண்டியது அது. பலமநேர்த் தவளைக்கு வேலி உதவாது, வேலியே தடை.

இன்னொன்று. பலமநேருக்கும் இலங்கையின் மன்னாருக்கும் நடுவே கிடப்பது தமிழ்நாடு. தவளையின் மூதாதைகள் நடந்து வந்தன என்றால், வேலூர், திருவண்ணாமலை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் நிலங்களின் வழியாகத்தான் நடந்திருக்க வேண்டும். இந்த ஏரி நாட்டில், மழைக்காலத்து இரவுகளில், கையில் டார்ச்சும் பஞ்சுக்குச்சியுமாக இறங்கித் தேட வேண்டிய நீளம் சுமார் 500 கிலோமீட்டர். இடையிலுள்ள குளங்களின் எழுத்துகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், சித்தூர்த் தவளைகள் தனித்துப்போய் எத்தனை ஆயிரம் ஆண்டு ஆகிறது என்றுகூடக் கணக்கிட்டுவிடலாம்.