ஒரு மணிமகுடமும் மூன்று நாவல்களும்

பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு என்ன கதைப் புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் பலர். அவர்களுள் பெரும்பாலோர் தாய்மார். காதல் இருக்க வேண்டும். விரசம் இருத்தல் ஆகாது. சரித்திரம் இருக்க வேண்டும். பாடப் புத்தகத்தைப் போலக் கொட்டாவி வரச் செய்தல் ஆகாது. தகப்பனார் தற்செயலாக எடுத்துப் புரட்டினாலும் முகம் சுளிக்காதபடி இருக்க வேண்டும். இத்தனை நிபந்தனைகளுக்கும் பொருந்திய புத்தகங்கள் தமிழில் இல்லாமலில்லை. மாப்பிள்ளை தேடுவது போலச் சற்றுப் பொறுமையாகத் தேட வேண்டும், அவ்வளவுதான்.

எங்களுடைய சிறு பிராயத்தில் இந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. கதைப் புத்தகம் படிக்கும் பெண் குடித்தனத்துக்கு ஆகமாட்டாள் என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்களின் தீர்ந்த முடிவு. எனினும் பாடசாலை ஆசிரியையாக இருந்த என் சின்னம்மா, ‘கல்கி’ சஞ்சிகையில் வாராவாரம் வந்த தொடர்கதைப் பக்கங்களைக் கத்தரித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, பழைய கலண்டர்த் தாளில் அட்டை போட்டு, அடுப்படியில் மாப்பேணிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். அந்தப் பக்கம் ஆண்கள் எட்டிப் பார்ப்பதில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆகையால் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் நான் மிளகாய்த்தூள் வாசனையோடுதான் படித்தேன். நடுவே சில அத்தியாயங்கள் இருக்கவில்லை. இரவல் வாங்கிய யாரோ திருப்பித் தரவில்லையாம். வந்தியத்தேவன் கோடிக்கரையில் படகேறினான்; அடுத்த பக்கத்தில் அநுராதபுர வீதியில் நின்றான். இடையில் அவனுக்கு நேர்ந்ததெல்லாம் பல வருஷங்களின் பின்னர், வாசிகசாலைப் பிரதியைக் கண்ட பிறகே எனக்குத் தெரிய வந்தது.

அந்தக் கதை 2022ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் இரண்டு பாகங்கள் கொண்ட படமாக வெளிவந்தது. கொழும்பிலே ஆங்கில மொழிமூலம் பயிலும் என் பேர்த்தி படத்தைப் பார்த்துவிட்டு வந்து, “அம்மம்மா, இவர்கள் எல்லா இடத்துக்கும் அவசரமாக ஓடுகிறார்கள். புத்தகம் இருக்கிறதா?” என்று கேட்டாள். எனக்கு உண்டான குதூகலத்தைச் சொல்லி முடியாது. ஐந்து பாகங்களையும் புதிதாக வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மாதங்களில் முடித்துவிட்டாள். பூங்குழலியைப் போலத் தனியே படகு வலிக்க வேண்டும் என்று சொல்லித் தாயாரிடம் ஏச்சும் வாங்கினாள்.

பிறகுதான் விபரீதம் விளைந்தது. வகுப்பு மாணவிகள் பொலநறுவைக்குச் சுற்றுலாச் சென்றார்கள். அங்கே சோழர் கட்டிய வானவன் மாதேவி ஈச்சரம் என்னும் கருங்கற் கோயில் இன்றும் நிற்கிறது. அருள்மொழிவர்மனின் அன்னை பெயரைத் தாங்கிய கோயில் இது என்று என் பேர்த்தி தன் சிங்களத் தோழிக்குப் பெருமையோடு எடுத்துரைத்தாள். அந்தப் பிள்ளையோ, “அநுராதபுரத்தைப் பாழாக்கியவர்களும் அவர்கள்தானே? எங்கள் அரசரைச் சிறைபிடித்துக் கொண்டு போனவர்களும் அவர்கள்தானே?” என்று கேட்டாள். போகும்போது ஓர் ஆசனத்தில் அமர்ந்து போனவர்கள் திரும்பும்போது வெவ்வேறு ஆசனங்களில் அமர்ந்து வந்தார்கள். ஐந்தாம் வயது முதல் ஒன்றாகப் படித்த பிள்ளைகள் மூன்று வாரம் பேசிக்கொள்ளவில்லை.

“அம்மம்மா, இந்தப் புத்தகத்தில் அருள்மொழிவர்மர் விகாரைகளைப் பழுது பார்க்கச் செய்கிறார். அப்படியானால் அவள் சொல்வது பொய்யா, இந்தப் புத்தகம் பொய்யா?”

நல்ல புத்தகம் எது என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவேன். இதற்கு வாய் வரவில்லை. “இன்னும் இரண்டு புத்தகம் படி. பிறகு பேசுவோம்” என்று மட்டும் சொன்னேன். அவ்விரண்டோடு ‘பொன்னியின் செல்வ’னையும் சேர்த்து மூன்றையும் ஒரு மணிமகுடம் இணைக்கிறது. அதன் வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறேன், இது கற்பனையன்று.

பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் பராந்தக சோழன் பாண்டி நாட்டின் மேல் படையெடுத்தான். பாண்டியன் இராசசிம்மனுக்கு உதவியாக இலங்கை வேந்தன் ஐந்தாம் காசிபன் அனுப்பிய சேனையும் பயன்படவில்லை. நாடிழந்த இராசசிம்மன் கடல் கடந்து இங்கே வந்து, தன் குல மகுடத்தையும் பிற அரச சின்னங்களையும் இலங்கையில் விட்டுவிட்டுச் சேர நாட்டுக்குப் போனான். மகுடம் இல்லாமல் பாண்டிய மன்னனாக முடிசூட்டிக்கொள்ள இயலாத பராந்தகன் அதனைக் கேட்டு ஆளனுப்பினான். நான்காம் உதயன் கொடுக்க மறுத்தான். சோழர் படை வந்தது. உதயன் மகுடத்தோடு தென்கிழக்கே உரோகண நாட்டு மலைகளுக்குள் மறைந்தான். படை வெறுங்கையோடு மீண்டது. முடிவிலே, 1017ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் சேனை அம்மகுடத்தைக் கைப்பற்றியது. ஐந்தாம் மகிந்த மன்னனையும் அரசியையும் பிடித்துச் சென்றது. இதனைச் சோழர் மெய்க்கீர்த்தி வெற்றியாகப் பாடுகிறது. சூளவம்சம் துயரமாக எழுதுகிறது. இரண்டும் ஒரே நிகழ்ச்சியைத்தான் சொல்கின்றன.

நா. பார்த்தசாரதியின் ‘பாண்டிமாதேவி’ இம்மகுடம் இலங்கைக்கு வந்த கதை. நான் இதனை முதலில் வைப்பதற்குக் காரணம் காலவரிசை மட்டுமன்று. சரித்திர நாவல் என்றால் வாள் வீச்சும் குதிரைக் குளம்பொலியும் என்று எண்ணுகிறோம். இங்கே கதைக்கு நடுநாயகமாக இருப்பவர் ஒரு தாய். கணவனை இழந்தவர், மகன் எங்கேயோ அலைகிறான், நாட்டைச் சுற்றிப் பகை. வானவன் மாதேவி என்னும் அந்த அரசியின் நிதானம் எனக்கு மிகவும் பிடித்தது. (பொலநறுவைக் கோயிலின் வானவன் மாதேவி வேறு, இவர் வேறு. பழைய அரச குலங்களில் இப்பெயர் பலருக்கு உண்டு. என் பேர்த்தி இதிலே தடுக்கி விழுந்தாள். நீங்களும் விழாதிருக்கவே சொல்கிறேன்.) இராசசிம்மனுக்கும் தீவிலே வாழும் மதிவதனிக்கும் இடையிலான அன்பு வெகு மென்மையாகச் சொல்லப்படுகிறது. சில இடங்களில் ஆசிரியர் கதையை நிறுத்தி உபதேசம் செய்கிறார். பெரியவர்களுக்கு அது பிடிக்கும். பிள்ளைகள் பக்கத்தைத் தள்ளிவிடுவார்கள், தள்ளட்டும்.

‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. அது முடிவுற்ற அவ்வாண்டிலேயே கல்கி காலமானார். இதனைப் புகழ்ந்து இனி நான் எழுத என்ன இருக்கிறது? ஈழத்து வாசகர்களுக்கு அதன் இரண்டாம் பாகமாகிய ‘சுழற்காற்று’ தனியான ஒரு விருந்து. கல்கி இந்நாட்டுக்கு வந்து இடங்களைக் கண்ணாற் கண்டவர். ஆகையால் தம்புள்ளை வீதியும் அநுராதபுரத்துப் பெரிய தாதுகோபங்களும் நாம் நேற்றுப் போய் வந்த இடங்கள் போலவே இருக்கின்றன. பிக்குமார் நள்ளிரவில் இலங்கைச் சிம்மாசனத்தைக் கொடுக்க முன்வருவதும், அருள்மொழிவர்மன் அதனை மறுப்பதும் நாவலின் உச்சமான கட்டங்களுள் ஒன்று. நான் எத்தனை தடவை படித்தேன் என்பதற்குக் கணக்கில்லை.

ஆனால் அது கல்கி கண்ட கனவு. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காமல் புத்தகத்தை மட்டும் கொடுப்பது, உறையிலிருந்து எடுத்த கத்தியைக் கொடுப்பது போன்றது என்று இப்போது நினைக்கிறேன். வந்தியத்தேவர் உண்மையில் வாழ்ந்தவர். குந்தவையின் கணவர் என்று தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக் கூறுகிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர்களை உடையார்குடிக் கல்வெட்டுத் தருகிறது. நந்தினியும் பூங்குழலியும் ஊமை ராணியும் கல்கியின் பேனாவில் பிறந்தவர்கள். அருள்மொழிவர்மன் இராசராசனாக முடிசூடிய பிறகு, 993ஆம் ஆண்டளவில் அவனுடைய சேனை அநுராதபுரத்தை வீழ்த்தியதும், சோழர் பொலநறுவையைத் தலைநகராக்கியதும் நாவல் முடிந்த பின் நடந்தவை. நாகபட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தவனும் இதே இராசராசன்தான். ஒரு மனிதன் ஓரிடத்தில் விகாரத்துக்கு ஊர் கொடுப்பான். இன்னோரிடத்தில் விகாரைகள் நிறைந்த நகரம் அவன் படையால் பாழாகும். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இது விளங்குமா என்று நான் தயங்கினேன். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது.

மூன்றாவது, அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’. 1963ஆம் ஆண்டு இந்திய சாகித்திய அக்காதமிப் பரிசு பெற்ற நாவல். இராசேந்திரன் மகுடத்தை மீட்கும் கதை. கல்கியின் நகைச்சுவை இதில் இல்லை. வருணனைகள் சில இடங்களில் நீண்டு போகின்றன. ஆயினும் கல்கி செய்யாத ஒரு காரியத்தை அகிலன் செய்திருக்கிறார். தோற்ற பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை அழைத்து வந்து நம் முன்னே நிறுத்துகிறார். அவள் ரோகிணி, ஈழத்து அரசகுமாரி. கொடும்பாளூர் இளவரசனாகிய இளங்கோவை அவள் நேசிக்க நேர்கிறது. அவன் யாருடைய வீரன்? தன் தந்தையின் முடியைப் பறித்தவரின் வீரன். அவளுடைய தம்பி காசிபனோ சோழர் பெயரைக் கேட்டாலே கொதிப்பவன். காதலனையும் தம்பியையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு அவள் படும் பாட்டை வாசித்த பிறகு, வெற்றி முரசு கொட்டும் அத்தியாயங்களை முன்போல் வாசிக்க முடிவதில்லை. என் பேர்த்தி இப்புத்தகத்தை இரவு முழுவதும் விழித்திருந்து படித்தாள். காலையில் கண்கள் சிவந்திருந்தன. தூக்கமின்மைதான் காரணம் என்றாள்.

அரசரும் போரும் வேண்டாம், நல்ல காதற் கதை ஒன்று போதும் என்பவர்களுக்கும் சிலவற்றைச் சொல்லவேண்டும். நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ கையோடு கைக்குட்டையும் வைத்துக்கொண்டு படிக்கவேண்டியது. பூரணி, அரவிந்தன் என்று தம் குழந்தைகளுக்குப் பெயரிட்ட பெற்றோர் அக்காலத்தில் பலர். டாக்டர் மு. வரதராசனாரின் ‘கள்ளோ? காவியமோ?’ திருமணப் பரிசாகக் கொடுக்கத் தக்கது. நம் நாட்டு நாவல் வேண்டுமாயின், செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’. 1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது இங்கே பதிப்பு முயற்சிகள் தளிர்த்தன. அந்தத் தளிர்களுள் ஒன்று இது. வாடைக்காலத்தில் நெடுந்தீவுக் கரையிலே வந்து வாடி அமைக்கும் மீனவர்களையும் அத்தீவுப் பெண்களையும் பற்றிய கதை. 1978ஆம் ஆண்டில் படமாகவும் வந்தது. உப்புக் காற்று முகத்தில் அடிக்கும்.

சாண்டில்யனை ஏன் விட்டுவிட்டாய் என்று ஒரு வாசகர் கட்டாயம் கேட்பார். ‘கடல் புறா’வின் கடற்போர்களுக்கு ஈடு இல்லை. ஆனால் பெண்களின் அங்க வருணனை தொடங்கிவிட்டால் கப்பல் நகர்வதில்லை. பிள்ளைக்கு நானாக எடுத்துக் கொடுக்கமாட்டேன். அவளாகத் தேடிப் படித்தால், பார்க்காதவள் போல இருந்துவிடுவேன்.

தமிழின் முதற் சரித்திர நாவலை எழுதியவர் யார் என்று கேட்டால் பலரும் கல்கி என்பார்கள். அல்ல. திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை எழுதிய ‘மோகனாங்கி’ 1895ஆம் ஆண்டிலேயே சென்னையில் வெளிவந்துவிட்டது. நாயக்கர் காலத்துக் கதை. நடை இன்றைய பிள்ளைகளுக்குக் கடினம். பெயரையாவது அறிந்திருக்கட்டும் என்று சொல்லி வைக்கிறேன்.

பேர்த்தியின் சங்கதிக்கு வருகிறேன். ‘வேங்கையின் மைந்தன்’ முடிந்த மறுநாள், சூளவம்சத்தில் மகிந்தன் சிறைப்பட்ட பகுதியை ஆங்கில மொழிபெயர்ப்பில் எடுத்துக் கொடுத்தேன். அரசன் பன்னிரண்டு வருஷம் சோழ நாட்டில் இருந்து அங்கேயே இறந்தான். அவனுடைய பாலகனாகிய காசிபனைச் சோழருக்குத் தெரியாமல் மக்கள் ஒளித்து வளர்த்தார்கள். பிற்காலத்தில் விக்கிரமபாகு என்ற பெயரோடு உரோகணத்தை ஆண்டவன் அவனே. அதைப் படித்தவள் எதுவும் பேசாமல் தொலைபேசியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

“காசிபனைத் தெரியுமா உனக்கு?” என்று கேட்டாளாம். தோழிக்குத் தெரிந்திருந்தது. அவனை ஒளித்து வைத்த கதையை அவளுடைய பாட்டனார் சொல்லியிருந்தாராம். “அவனுக்கு ஓர் அக்கா இருந்தாளே, அவளைத் தெரியுமா?” அது தெரிந்திருக்கவில்லை. எப்படித் தெரியும்? ரோகிணி அகிலனுடைய கற்பனை அல்லவா?

அன்று முதல் இரவுதோறும் ‘வேங்கையின் மைந்தன்’ அத்தியாயம் அத்தியாயமாக, பாதி ஆங்கிலத்திலும் பாதி சிங்களத்திலுமாகத் தொலைபேசி வழியே போய்க்கொண்டிருக்கிறது. பாடங்கள் கிடப்பில் கிடக்கின்றன என்று என் மகள் என்மேல் கோபமாயிருக்கிறாள். நேற்று இரவு பதினொரு மணிக்கும் மாடியிலிருந்து குரல் கேட்டது: “கொஞ்சம் பொறு, ரோகிணி இன்னும் வாயே திறக்கவில்லை.”