கனவைக் கையில் பிடித்தால் களைப்பு தீருமா?

இரவு 11 மணிக்குப் படுத்து, 3 மணிக்கே விழிப்பு வந்து, அதன்பிறகு விடியும்வரை அரைத்தூக்கமும் கனவுமாகப் புரள்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்கு இப்போது ஒரு யோசனை சொல்லப்படுகிறது. எப்படியும் கனவு வரத்தான் போகிறது, அதைக் கனவென்று தெரிந்துகொண்டே காணப் பழகுங்கள். தூங்கிய நேரம் குறைந்தாலும் எழும்போது தெம்பாக இருக்கும் என்கிறார்கள். இது முழுப் பொய் இல்லை. ஆனால் எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

கனவுக்குள் ஒரு விழிப்பு

கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘இது கனவு’ என்று உறைப்பதைத்தான் லூசிட் ட்ரீம் என்கிறார்கள். தமிழில் தெளிகனவு எனலாம். அந்தப் பெயரைப் பரப்பியவர் டச்சு மனநல மருத்துவர் ஃபிரெடெரிக் வான் ஈடன். தன் கனவுகளைப் பற்றி 1913இல் எழுதிய கட்டுரையில் அதைப் பயன்படுத்தினார். வெகுகாலம் இதைக் கட்டுக்கதை என்றே விஞ்ஞானிகள் ஒதுக்கினார்கள். 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹேர்ன் ஒரு தந்திரம் செய்தார். கனவு வரும் தூக்கத்தில் கை கால் அசையாது, கண் மட்டும் அசையும். ஆகவே கனவுக்குள் நினைவு வந்ததும் முன்பே பேசிவைத்தபடி கண்ணை இடமும் வலமும் உருட்டச் சொன்னார். கருவியில் அது அப்படியே பதிவானது. சில ஆண்டுகளில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீவன் லபெர்ஜும் இதையே தனியாக நிரூபித்தார். 2021இல் வெளியான ஓர் ஆய்வில், கனவில் இருந்தவர்களிடம் எளிய கணக்குகளைக் கேட்டு, அவர்களில் சிலரிடமிருந்து கண்ணசைவால் சரியான விடையும் வாங்கியிருக்கிறார்கள். சுமார் 55 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்த அனுபவம் வாய்த்திருக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

முன்னிரவும் பின்னிரவும்

தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக வருகிறது. முன்னிரவுச் சுற்றுகளில் ஆழ்ந்த உறக்கம் அதிகம். உடல் அலுப்பு தீருவதும், வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரப்பதும் அப்போதுதான். பின்னிரவில் கண் படபடவென்று உருளும் ‘ரெம்’ உறக்கம் நீளும். தெளிகனவு பெரும்பாலும் இந்த ரெம் உறக்கத்தில்தான் வரும்.

இதில்தான் சிக்கல். நேரம் கழித்துப் படுத்துச் சீக்கிரம் எழுகிறவர் முதலில் இழப்பது பின்னிரவு ரெம் உறக்கத்தைத்தான். கனவுக்கான நேரமே பறிபோன பிறகு தெளிகனவு எங்கிருந்து வரும்? இடையிடையே விழித்து மறுபடி உறங்குகிறவர்களுக்கு அது கொஞ்சம் எளிதில் வாய்க்கும், உண்மைதான். ஆனாலும் எத்தனை தெளிவான கனவும் தவறிப்போன ஆழ்ந்த உறக்கத்தின் வேலையைச் செய்துவிடாது.

தெம்பு வேறு, ஓய்வு வேறு

மனத்துக்குப் பிடித்த கனவிலிருந்து எழுந்தால் உற்சாகமாகத்தான் இருக்கும். கடலுக்கு மேலே பறந்துவிட்டு வந்தவர் சிடுசிடுப்போடா எழுவார்? நன்றாகத் தூங்கினோம் என்ற நம்பிக்கைக்கே ஒரு பலன் உண்டு. அமெரிக்காவின் கொலராடோவில் 2014இல் வெளியான ஆய்வில், ‘உங்கள் ரெம் உறக்கம் நேற்று நன்றாக இருந்தது’ என்று பொய்யாகச் சொல்லப்பட்டவர்கள் மூளைத்திறன் சோதனையில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள்.

ஆனால் இன்னோர் ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. 2003இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 14 நாள் தொடர்ந்து 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ உறங்கவிடப்பட்டவர்களைச் சோதித்தார்கள். அவர்களுடைய கவனம் நாளுக்கு நாள் சரிந்து, ஓரிரு இரவு கண்ணே மூடாதவர்களின் அளவுக்குப் போய்விட்டது. அவர்களோ தங்களுக்கு அப்படியொன்றும் தூக்கக் கலக்கம் இல்லை என்றே நினைத்திருந்தார்கள்! ஆகவே காலையில் தெரியும் தெம்பைக் கொண்டு இரவுத் தூக்கத்தை அளக்க முடியாது.

செய்து பார்ப்பதென்றால்

5 மணி நேரம் உறங்கிய பிறகு அலாரம் வைத்து எழுந்து, கீழே சொல்லும் பயிற்சியைச் செய்துவிட்டு மறுபடி படுப்பது பரவலான முறை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் 2017இல் வெளியான ஆய்வில் இதையும் வேறு பயிற்சிகளையும் சேர்த்துச் செய்தபோது 17 சதவீதம் இரவுகளில் பலன் கிடைத்தது. பயிற்சி முடிந்த 5 நிமிடத்துக்குள் உறங்கிவிட்டவர்களுக்குக் கிட்டத்தட்ட 46 சதவீதம். கவனியுங்கள்: படுத்ததும் தூங்குகிறவருக்கே இது கைகூடுகிறது. தூக்கம் வராமல் தவிக்கிறவர் அலாரம் வைத்து உள்ள தூக்கத்தையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பேன்.

தானாக விழிப்பு வரும் விடியற்காலை போதும். சட்டென்று செல்போனை எடுக்காமல், சற்று முன் கண்ட கனவை மனதில் ஓட்டிப் பாருங்கள். ‘அடுத்த கனவில் இது கனவென்று எனக்கு நினைவு வரும்’ என்று சொல்லிக்கொண்டே, அந்தக் கனவுக்குள் தெளிவோடு நடமாடுவதாகக் கற்பனை செய்தபடி கண்ணயருங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள், அதற்காக மல்லுக்கட்டினால் உள்ள தூக்கமும் போய்விடும். மறதி நோய்க்குத் தரப்படும் காலண்டமின் மாத்திரையைத் தெளிகனவுக்காக விழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். மருத்துவர் எழுதித் தராமல் அதைத் தொடக் கூடாது.

அமுக்குவான் பேய்

பழகத் தொடங்கும் சிலருக்கு நினைவு திரும்பியும் உடம்பு அசையாமல், மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் இருக்கும். நம் ஊரில் அமுக்குவான் பேய் என்பது இதைத்தான். ரெம் உறக்கத்தின் தசைத் தளர்வு, விழிப்பு வந்த பிறகும் சில நொடிகளோ நிமிடங்களோ நீடிக்கிறது, அவ்வளவுதான், தானே விலகிவிடும். தூக்கம் குறைந்தவர்களுக்கு இது அடிக்கடி வரும்.

யாருக்கு உதவும்?

கெட்ட கனவுகளால் அலறி எழுகிறவர்களுக்குத் தெளிகனவுப் பயிற்சி உதவுவதாகச் சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. துரத்துவது கனவுதான் என்று தெரிந்துவிட்டால் ஓட வேண்டியதில்லையே. ஆனால் நிஜத்துக்கும் கற்பனைக்குமான கோடு மங்கும் மனநோய் உள்ளவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

தூக்கமே சரியில்லை என்றால்

நாட்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால், எண்ணங்களையும் படுக்கைப் பழக்கங்களையும் சீர்செய்யும் சிபிடி-ஐ சிகிச்சையைத்தான் அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் முதலில் பரிந்துரைத்தது. மூன்று மாதத்துக்கு மேலாக, வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் கெடுகிறதா? குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டில் சொல்கிறார்களா? மருத்துவரைப் பாருங்கள். அதுவரை, நாலு மணி நேரமே தூங்கிவிட்டு, நல்ல கனவு கண்ட தெம்பில் நெடுஞ்சாலையில் வண்டியை எடுக்காதீர்கள்.