கடையில் ரோஸ், வீட்டில் ஆரஞ்சு! 'பீச்' கலர் பெயிண்டு அடிக்கும் முன் இதைக் கவனிங்க

அவலூர்பேட்டை:

பொங்கல் நெருங்கினால் செஞ்சி, அவலூர்பேட்டை சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வேலை சூடுபிடித்துவிடும். முன்பெல்லாம் ஒரு வாளி சுண்ணாம்பும் மட்டையும் இருந்தால் போதும். இப்போது பெயிண்டு கடையில் ஷேடு கார்டை விரித்து வைத்துக்கொண்டு குடும்பமே கலர் பார்க்கிறது.

அதில் பலருக்கும் பிடித்துப்போகிற ஒரு கலர் உண்டு. ரோசும் இல்லை, ஆரஞ்சும் இல்லை. சிவப்புக் கொய்யாவை அரைத்து பால் ஊற்றின மாதிரி இருக்கும். கடைக்காரர்கள் 'பீச்' என்பார்கள். பீச் என்பது ஊட்டி, கொடைக்கானல் மாதிரி குளிர்ந்த மலையில் விளைகிற பழம். நம்ம பக்கம் பழத்தைப் பார்த்தவர்கள் குறைவு, கலரைத் தெரிந்தவர்கள் அதிகம். கலர்களுக்கு நம்பர் கொடுத்துப் பட்டியல் போடும் அமெரிக்காவின் பான்டோன் நிறுவனம் 2024-ம் ஆண்டின் கலராக இந்த ரகத்தைத்தான் அறிவித்தது.

ஆசைப்பட்டு அடித்துவிட்டு, ராத்திரி லைட்டைப் போட்டதும் 'இது நாம பார்த்த கலர் இல்லையே' என்று தலையில் கை வைப்பவர்களும் உண்டு. மெஷினில் கலந்த பெயிண்டை கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். பெயிண்டர் கூலியும் போனது போனதுதான். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இது சின்ன நஷ்டம் இல்லை. ஏன் இப்படி ஆகிறது?

லைட் மாறினால் கலர் மாறும்

பீச் கலரில் வெள்ளையோடு சிவப்பும் மஞ்சளும் கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கிறது. அறைக்குள் விழும் வெளிச்சத்தில் எது தூக்கலோ, சுவரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். மற்ற வெளிர் கலர்களும் மாறும், ஆனால் பீச் ரொம்பவே காட்டிக்கொடுக்கும்.

நம்ம வீடுகளில் பெரும்பாலும் எரிவது 'கூல் டே லைட்' எல்.இ.டி. பல்பு. அட்டைப் பெட்டியில் 6500 கே என்று போட்டிருக்கும். லேசாக நீலம் ஓடுகிற வெள்ளை வெளிச்சம் அது. இதில் பீச் கலர் வாட்டமாகி, சாம்பல் படிந்த ரோஸ் போலத் தெரியும். 'வார்ம் ஒயிட்' என்று 2700 கே அல்லது 3000 கே போட்ட பல்பில் ஆரஞ்சு எடுத்துக்காட்டும். மேற்கே ஜன்னல் இருக்கும் ரூமில் சாயங்கால வெயில் விழுந்தால் கேட்கவே வேண்டாம். பெயிண்டரைத் திட்டிப் பயனில்லை.

இன்னொரு விஷயம். ஷேடு கார்டில் இருப்பது தீப்பெட்டி அளவு கலர். வீட்டில் நாலு சுவருக்கும் அடித்தால் ஒரு சுவரின் கலர் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பும். ரூம் சின்னதாக இருந்தால் இது அதிகம். 2024-ல் அறிவிக்கப்பட்ட 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் ஒரு வீட்டின் அளவே 360 சதுர அடிதான். அந்த மாதிரி வீட்டில் கார்டில் பிடித்த கலரை அப்படியே அடித்தால் கண்ணை உறுத்தும். அதே வரிசையில் ஒரு படி, முடிந்தால் இரண்டு படி வெளிறிய கலரை எடுப்பது நல்லது. எமல்ஷன் பெயிண்டு காய்ந்த பிறகு, வாளியில் பார்த்ததைவிட கொஞ்சம் அழுத்தமாகத்தான் தெரியும். அதையும் கணக்கில் வைக்கணும்.

இதற்கு ஒரே வழி, சுவரில் அடித்துப் பார்ப்பதுதான். சின்ன சாம்பிள் டப்பா கிடைத்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் 1 லிட்டர் மட்டும் கலக்கச் சொல்லலாம். பிரைமர் அடித்த சுவரில், ஜன்னலுக்கு எதிரில் ஒன்று, ஜன்னலை ஒட்டி ஒன்று என்று 2 அடிக்கு 2 அடி, இரண்டு கோட்டிங் அடித்துக் காயவிடணும். காலையில், மத்தியானம், ராத்திரி லைட் போட்ட பிறகு என்று மூணு வேளையும் பார்த்துவிட்டு மீதியை வாங்கினால் போதும். ராத்திரி பார்ப்பதுதான் முக்கியம். வேலைக்குப் போய் வருகிறவர்கள் வீட்டுச் சுவரைப் பார்ப்பதே அப்போதுதானே.

சுண்ணாம்பில் காவி

உண்மையில் இந்தக் கலர் நமக்குப் புதுசு இல்லை. சுண்ணாம்பில் ஒரு பிடி காவிப் பொடி கரைத்தால் வருவது கிட்டத்தட்ட இதே வெளிர் ரோஸ்தான். 1876-ல் இங்கிலாந்து இளவரசர் வருகைக்காக ஜெய்ப்பூர் நகரத்துக்கே ரோஸ் அடித்ததாக வரலாறு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்த செஞ்சிக் கோட்டையில், கல்யாண மகாலின் பூச்சும் சுண்ணாம்புதான். சுண்ணாம்பு பூசிய சுவர் ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காது, வெளியே விட்டுவிடும். பெயிண்டு அப்படி இல்லை. பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது.

சுண்ணாம்பு அடித்த பழைய சுவர் மேல் நேராக பட்டி பார்த்து பெயிண்டு அடித்தால், கொஞ்ச நாளில் அப்பளம் மாதிரி உரிந்து வரும். பழைய சுண்ணாம்பை நன்றாகச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசி துடைத்த பிறகுதான் பிரைமர். இந்த வேலையைச் சுருக்கி கூலியை மிச்சம் பிடித்தால் பிறகு டபுள் செலவு.

அதைவிட மோசம் ஓதம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய சுவர் பொங்கலுக்குள் முழுசாகக் காய்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது. 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது விழுப்புரம் மாவட்டமே மழையில் மிதந்தது. அப்படிப்பட்ட வருஷத்தில் பொங்கலுக்குள் அவசரமாக பெயிண்டு அடித்தால் கீழ்ச்சுவரில் உப்பு பூத்து, கலர் திட்டுத்திட்டாக வெளுக்கும். பளிச் வெள்ளையில் உப்பு தெரியாது, பீச்சில் அப்பட்டமாகத் தெரியும்.

சுவர் காய்ந்ததா என்று பார்க்க, ஓர் அடி பிளாஸ்டிக் கவரை சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடலாம். உள்பக்கம் வேர்த்திருந்தால் பெயிண்டு அடிக்கும் நேரம் இன்னும் வரவில்லை. புதுசாகப் பூசிய சுவருக்கு குறைந்தது 28 நாள் விடணும். ஓதம் தரையிலிருந்தோ குழாய் கசிவிலிருந்தோ ஏறினால் முதலில் கொத்தனாரைக் கூப்பிடணும், பெயிண்டரை இல்லை.

எவ்வளவு வாங்குவது?

10-க்கு 12 ரூம், 10 அடி உயரம் என்றால் நாலு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. கதவு, ஜன்னல் போக சுமார் 400. நன்றாகப் பட்டி பார்த்த சுவரில் 1 லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டிங்குக்கு ஏறக்குறைய 120 சதுர அடி வரும். அப்படியானால் 4 லிட்டர் வாளி ஒன்று தாராளம். நாலு சுவருக்கும் பீச் வேண்டாம், கட்டில் போடும் சுவருக்கு மட்டும் போதும் என்றால் 1 லிட்டரிலேயே முடிந்துவிடும். மற்ற மூணு சுவருக்கும் சந்தனம் ஓடுகிற வெள்ளை அடிக்கலாம். மேல்தளம் எப்போதும் வெள்ளையாக இருக்கட்டும். ஒரே ஒரு சின்ன ஜன்னல் உள்ள இருட்டு ரூமுக்கு இந்த ஒரு சுவர் கணக்குதான் சரி.

தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்து டி.வி. பார்க்கும் வீட்டில் தலை எண்ணெய்க் கறை நிச்சயம். பீச் கலரில் அது வட்டம் வட்டமாக நிற்கும். துடைக்கக்கூடிய எமல்ஷன் வாங்கணும். இல்லை என்றால் தரையிலிருந்து மூன்றரை அடிக்கு காபி கலரோ செங்கல் கலரோ அடித்து மேலே பீச் விடலாம். பீச்சுக்கு இரண்டுமே பொருந்தும். சமையல் அறைக்கும் விளக்கேற்றும் இடத்துக்கும் இந்தக் கலர் வேண்டாம், புகை ஒரே வருஷத்தில் தின்றுவிடும்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் கதவு, ஜன்னலின் பழைய ஆயில் பெயிண்டைச் சுரண்டும்போது கவனம் தேவை. வீட்டு பெயிண்டில் காரீயம் 90 பி.பி.எம். அளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் அதிகம் இருக்கலாம். காரீயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். காய்ந்த உப்புத்தாள் போடாமல் தண்ணீர் தொட்டுத் தேய்க்கணும். பெயிண்டரும் முகத்தில் மாஸ்க் கட்டணும். தூசி அடங்கி, ஈரத்துணியால் துடைத்து முடிக்கும் வரை பிள்ளைகள் பக்கத்து வீட்டில் விளையாடட்டும்.

வேலை முடிந்ததும் வாளியைத் தூக்கிப் போட்டுவிடாதீங்க. மூடியில் கம்ப்யூட்டர் ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள கலர் நம்பரை செல்போனில் போட்டோ எடுத்து வைத்தால், அடுத்த வருஷம் ஆணி அடித்த ஓட்டையை அடைக்கும்போது அதே கலரைக் கேட்டு வாங்கலாம்.