தாத்தாவுக்கு முதுகு வலிக்கக் கூடாது... வளைவில் காரும் சாயக் கூடாது! செடான் வைத்திருப்பவர்கள் என்ன செய்யலாம்?

ஞாயிற்றுக்கிழமை இரவு. ஊரிலிருந்து திரும்பும் கார்கள் ஜி.எஸ்.டி சாலையில் சென்னையை நோக்கி வரிசைகட்டுகின்றன. அதில் ஒரு செடான். முன்சீட்டில் தாத்தா, பின்சீட்டில் பாட்டி, அம்மா, பிள்ளை, டிக்கியில் அரிசி மூட்டையும் தேங்காயும். வண்டலூர் தாண்டியதும் இடப்பக்கத்திலிருந்து ஒரு பைக் சட்டென்று குறுக்கே வருகிறது. கார் ஓட்டுபவர் ஸ்டீயரிங்கை வலப்புறம் ஒடித்து, அடுத்த நொடியே இடப்புறம் திருப்புகிறார். அந்த இரண்டு விநாடிகளில் கார் சொன்ன பேச்சைக் கேட்கிறதா, இல்லை படகுபோல ஆடிவிட்டுத் தாமதமாகத் திரும்புகிறதா? ஐந்து பேரின் பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது.

'கையாளுமை' என்றதும் அது ரேஸ் ஓட்டுபவர்களின் கவலை என்று ஒதுக்கிவிடுகிறோம். உண்மையில், ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு போகும் குடும்ப காருக்குத்தான் அது அதிகம் தேவை. ஆனால், அதற்காக சஸ்பென்ஷனை இறுக்கிவிட்டால், மறுநாள் காலை முடிச்சூர், சேலையூர், மாடம்பாக்கம் உட்சாலைகளில் ஒவ்வொரு பள்ளமும் தாத்தாவின் முதுகில் போய் இறங்கும். இரண்டையும் ஒன்றாகப் பெற முடியுமா? பெரும்பாலும் முடியும். அதற்கு முதலில் செய்யவேண்டியவை செலவில்லாத வேலைகள்தான்.

ஒரே சாலை, இரண்டு தொழிற்சாலைகள்!

இந்தக் கேள்விக்கும் தாம்பரம் பக்கத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. பெருங்களத்தூர் – வண்டலூர் பகுதியில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. 1961-ல் இந்தியாவில் அறிமுகமான 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' காரின் பின்சக்கரங்கள், அக்காலத்து மற்ற இந்திய கார்களைப்போல ஒரே இரும்பு அச்சில் பிணைக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் தனித்தனியாக ஏறி இறங்கும். இதனால் மேடுபள்ளத்தில் சொகுசு கிடைத்தது. ஆனால், வேகமான வளைவில் பின்சக்கரம் உட்புறமாக மடங்கி, பிடிமானம் குறைவது அந்த அமைப்பின் பலவீனம். இந்திய மெக்கானிக்குகளுக்கும் அது பழக்கமில்லாத வேலையாக இருந்தது. 1972-ல் வந்த 'கெஸல்' காரில் அந்த அமைப்பைக் கைவிட்டு, வழக்கமான ஒற்றை அச்சுக்கே திரும்பிவிட்டார்கள். சொகுசைக் கொடுத்த அமைப்பே வளைவில் சிக்கலாகவும் இருந்தது என்பதுதான் ஹெரால்டு சொல்லும் பாடம்.

அதே சாலையில் இன்னும் தெற்கே போனால் மறைமலைநகர். 1999-ல் அங்கிருந்து வெளிவந்த ஃபோர்டு ஐகானும், 2005-ல் வந்த ஃபியஸ்டா செடானும் இன்றும் கார் பிரியர்கள் பேசும் பெயர்கள். நம் ஊர்ச் சாலையின் பள்ளங்களையும் தாங்கின; நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் திருப்பிய திசையில் தயங்காமல் திரும்பவும் செய்தன. 2022-ல் கடைசி காரோடு அந்த ஆலையில் கார் உற்பத்தி நின்றுபோனது. ஆனால், சொகுசும் கையாளுமையும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதை அந்த கார்கள் காட்டிவிட்டன.

ஸ்பிரிங் ஒரு வேலை, ஷாக் அப்சார்பர் ஒரு வேலை

பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஸ்பிரிங் அமுங்கி விரியும். அப்படியே விட்டால் ஊஞ்சல்போல ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பர். உள்ளே இருக்கும் எண்ணெய், சிறிய துளைகள் வழியே தள்ளப்படுவதால் ஆட்டத்தின் சக்தி வெப்பமாகக் கரைகிறது.

மனித உடலுக்கு, விநாடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை வரையிலான மெதுவான அசைவு சிரமம் தருவதில்லை. கிட்டத்தட்ட நாம் நடக்கும் லயம் அது. அதனால்தான் குடும்ப கார்களின் ஸ்பிரிங்கை மென்மையாக வைக்கிறார்கள். அதைத் தொடாமல், அந்த அசைவை அடக்கும் பாகங்களைச் சரியாக வைத்திருந்தாலே இரண்டு பலனும் கிடைக்கும்.

முதல் வேலை: காற்று

ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். நான்கு உள்ளங்கைகள்தான் ஒரு டன் காரைச் சாலையில் பிடித்து வைத்திருக்கின்றன. காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் வளைந்து, ஸ்டீயரிங் சோம்பலாகும். கூடினால், டயரின் நடுப்பகுதி மட்டுமே சாலையைத் தொடும். ஒவ்வொரு கல்லும் சீட்டில் தெரியும்.

ஏர் செக் செய்யும் இடத்தில் எல்லா காருக்கும் ஒரே அளவாக அடித்துவிடுவது பல இடங்களில் வழக்கம். உங்கள் காருக்கான அளவு, பெரும்பாலும் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலேயே இருக்கிறது. அதில் இரண்டு அளவுகள் இருக்கலாம்: ஓரிருவர் போகும்போது ஒன்று, ஆட்களும் சாமானும் நிறைந்திருக்கும்போது ஒன்று. பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும் முன்பு இரண்டாவது அளவுக்கு மாற்றுங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது காலையில் வண்டியை எடுத்தவுடன் பார்ப்பதே சரியான அளவு. ஓடிச் சூடான டயர், சில பி.எஸ்.ஐ கூடுதலாகக் காட்டும்.

கூடவே டிக்கியையும் ஒருமுறை காலி செய்துவிடுங்கள். போன வருடத்துப் பழைய பேப்பர் கட்டும், தேவையில்லாத கருவிகளும் பின்பக்கத்தை அமுக்கிக்கொண்டிருக்கும்.

டயர்: ஓர் இன்ச் போதும்

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். '2319' என்றால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. காடு தேயாமல் இருந்தாலும் பல வருடமான ரப்பர் இறுகிப்போகும். மழையில் பிடிமானம் குறையும். பள்ளங்களுக்குள் இருக்கும் தேய்மான அடையாளம் 1.6 மி.மீ. அதைத் தொட்டுவிட்டால் டயரை மாற்றியே ஆகவேண்டும்.

புதிய டயர் வாங்கும்போதுதான் 'அகலமா போட்டுடலாமா?' என்ற ஆசை வரும். ஒரு கணக்கைப் பார்ப்போம். 2017-ல் வந்த மாருதி டிசையரின் அடிப்படை வேரியன்ட்டுகளில் 165/80 ஆர்14 டயர்; உயர் வேரியன்ட்டில் 185/65 ஆர்15. இரண்டின் மொத்த விட்டமும் சுமார் 62 செ.மீ, வித்தியாசம் 2 மி.மீ-தான். ஆனால், பக்கச்சுவரின் உயரம் 132 மி.மீட்டரிலிருந்து 120 ஆகக் குறைகிறது. பக்கச்சுவர் குறைந்தால் ஸ்டீயரிங்குக்குப் பதில் சீக்கிரம் கிடைக்கும். அகலம் கூடுவதால் வளைவில் நம்பிக்கை வரும். சொகுசு கொஞ்சம்தான் குறையும். ஆசை அதிகமாகி 195/55 ஆர்16-க்குப் போனால் பக்கச்சுவர் 107 மி.மீ. பள்ளத்தில் அடி வாங்கும்போது ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே இருக்கும் மெத்தை அவ்வளவுதான். மழைக்காலத்தில் தண்ணீருக்குள் பள்ளம் எங்கே என்றே தெரியாத உட்சாலைகளில் அது ரிம்முக்கும் ஆபத்து, முதுகுக்கும் ஆபத்து.

எனவே, உங்கள் காரின் உயர் வேரியன்ட்டுக்கு நிறுவனம் என்ன அளவு கொடுத்திருக்கிறதோ, அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மொத்த விட்டம் 3 சதவிகிதத்துக்கு மேல் மாறினால் ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகமும் தவறாகும்.

'டொக் டொக்' சத்தத்தை விட்டுவிடாதீர்கள்

வேகத்தடையில் ஏறும்போது முன்சக்கரத்திலிருந்து 'டொக் டொக்' என்று சத்தம் வருகிறதா? பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க், லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் அல்லது ஸ்ட்ரட் மவுன்ட் தேய்ந்திருக்கும். இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி வட்ட வடிவ வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ உயரமும் இருக்க வேண்டும், 25 கி.மீ வேகத்தில் அதைக் கடக்கலாம். நம் தெருமுனைகளில் இருப்பவை பல, அரை மீட்டர் அகலத்தில் செங்குத்தாக நிற்பவை. அவற்றில் தினமும் ஏறி இறங்கும் காரில் இந்த ரப்பர் பாகங்கள் சீக்கிரமே கிழிந்துபோகும்.

புஷ் கிழிந்த காரில் சொகுசும் போகும், கையாளுமையும் போகும். மாற்றினால் இரண்டும் திரும்பி வரும். இங்கே நிறுவனத்தின் ரப்பர் புஷ்ஷே குடும்ப காருக்குப் பொருத்தம். பாலியூரிதேன் புஷ் ஸ்டீயரிங்கைக் கூர்மையாக்கும். கூடவே அதிர்வையும் சத்தத்தையும் உள்ளே கொண்டுவரும்.

இதன்பிறகே வீல் அலைன்மென்ட். தேய்ந்த பாகத்தை மாற்றாமல் அலைன்மென்ட் செய்தால், அந்தக் காசு வீண்.

ஷாக் அப்சார்பர்: ஜோடியாக மாற்றுங்கள்

ஷாக் அப்சார்பர் ஒரே நாளில் போவதில்லை. மெல்ல மெல்லத் தளர்வதால் நமக்கும் பழகிவிடுகிறது. எண்ணெய்க் கசிவு, பிரேக் போட்டால் மூக்கு குத்துவது, மேம்பாலத்தின் இணைப்புகளைத் தாண்டியதும் கார் இரண்டு மூன்று முறை குதிப்பது, டயர் அலை அலையாகத் தேய்வது ஆகியவை அடையாளங்கள். இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் கார் இரு பக்கமும் இரு விதமாக நடந்துகொள்ளும்.

நல்ல வாயு நிரப்பிய ஷாக் அப்சார்பரோடு நிறுவனத்தின் ஸ்பிரிங்கை அப்படியே வைத்துக்கொள்வதுதான், சொகுசை இழக்காமல் கையாளுமையைக் கூட்டும் சிறந்த செலவு.

தடிமனான ஸ்டெபிலைசர் பார் போடலாமா? வளைவில் சாய்வு குறையும். ஆனால், அது இடது, வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்தால், அந்த அதிர்ச்சியை மறு பக்கத்துக்கும் கடத்தும். ஒரு பக்கம் மட்டும் பள்ளமாக இருக்கும் நம் சாலைகளில் அது தேவைதானா என்று யோசியுங்கள்.

இவை வேண்டவே வேண்டாம்

ஸ்பிரிங்கை வெட்டி காரைத் தாழ்த்துவது: ஸ்பிரிங் தன் இருப்பிடத்திலிருந்து நழுவலாம், வேகத்தடையில் அடிவயிறு இடிக்கும்.

ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் வளையம் செருகுவது: காரின் உயரம் கூடும்தான். ஆனால், அந்தச் சுற்றுகள் வேலை செய்யாமல் போவதால் கார் கட்டையாகிவிடும். உயரம் கூடியதால் வளைவில் சாய்வும் குறையாது.

மலிவு விலை அலாய் வீல்: பள்ளத்தில் விரிசல் விட்டால் தெரியாது. அகலமானது ஃபெண்டரில் உரசும்.

சட்டத்தையும் நினைவில் வையுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றி அமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. தேய்ந்த பாகத்துக்குப் பதிலாக அதே வகைப் பாகம் போடுவதில் சிக்கல் இல்லை. அதைத் தாண்டிய மாற்றம் என்றால் ஆர்.டி.ஓ அலுவலகத்திலும், இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். விபத்துக்குப் பிறகு கேட்பதில் பயனில்லை.

ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் கொடுத்தது என்று தெரியாது. முதலில் காற்று. பிறகு தேய்ந்த புஷ், லிங்க். அடுத்து ஷாக் அப்சார்பர். அதன்பின் அலைன்மென்ட், பேலன்சிங். டயர் தேய்ந்திருந்தால் மட்டும் புதிய டயர். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் வழக்கமாகப் போகும் ஒரே பாதையில், ஒரே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். கொஞ்சம் உட்சாலை, ஒரு மேம்பாலம், கொஞ்சம் புறவழிச் சாலை இருந்தால் போதும்.

தீர்ப்பு சொல்லும் உரிமையை மட்டும் ஓட்டுபவர் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்டீயரிங் பிடித்தவருக்கு அடுத்த அசைவு முன்பே தெரியும். பின்சீட்டில் இருப்பவருக்குத் தெரியாது. பாட்டியை உட்காரவைத்து ஒரு சுற்று வாருங்கள். அவர் மேலே இருக்கும் கைப்பிடியைத் தேடாமல் பேச்சைத் தொடர்ந்தால், வேலை சரியாக நடந்திருக்கிறது என்று அர்த்தம்.