கிணற்று நீரும் பெட்ரோல் கலப்பும்

திருச்சி–மதுரை ராஜபாட்டையில், கொடும்பாளூர்ப் பக்கமாகச் செல்லும் மோட்டார் வண்டிகளுக்குக் கணக்கில்லை. வண்டிகள் பெருகுமிடத்தில் பெட்ரோல் பங்குகள் எழுவதும், அவற்றின் தொட்டிகள் பூமிக்கடியில் புதைக்கப்படுவதும் இயல்பு. அப்பிரதேசமோ பாறை நிலம். பாறை வெடிப்புகளின் வழியாகவே மழைநீர் ஊறிக் கிணற்றைச் சேருகிறது. தொட்டியிலிருந்து ஒழுகுவதும் அவ்வழியே செல்லக்கூடும். அங்கே இத்தகைய கேடு நேர்ந்துவிட்டதென்று நாம் சொல்ல வரவில்லை. நேருமுன்பே நீரைச் சுத்தி செய்யும் உபாயங்களில் நமக்கேற்றது எதுவென்று ஆராய்தல் அவசியமென்பதே நமது அபிப்பிராயம்.

2013-ஆம் ஆண்டில், பூமிக்கடியிலுள்ள குழாய் கசிந்து, சென்னைத் தண்டையார்பேட்டையின் ஆழ்துளைக் கிணறுகளில் எண்ணெய் வந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அங்கே கேடு கண்ணுக்குத் தெரிந்தது; ஜனங்கள் முறையிட்டார்கள்; விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. மிதக்கும் எண்ணெயை இறைத்தெடுக்கவாவது இயலும். பெட்ரோலில் சேர்க்கும் சில சரக்குகளோ நீரோடு நீராய்க் கரைந்துவிடுகின்றன.

அவற்றுள் முக்கியமானது எம்.டி.பி.ஈ. எனப்படும் ஈதர். ஈயத்துக்குப் பதிலாக 1979 முதல் அமெரிக்காவில் சேர்க்கப்பட்டது. நமது நாட்டுப் பெட்ரோல் தரவிதிகளும் ஈதர் வகைகளை அனுமதிக்கின்றன. ஒரு லிட்டர் நீரில் இது சுமார் 50 கிராம் கரையும். பென்ஸீன் 2 கிராம்கூடக் கரையாது. மண்ணிலும் இது ஒட்டுவதில்லை. 1996-இல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரம், தன் நீரில் ஏறக்குறைய பாதியைத் தந்த கிணறுகளை இதன் பொருட்டே மூட நேர்ந்தது. அந்த மாகாணம் லிட்டருக்கு 13 மைக்ரோகிராமுக்கு மேல் ஆகாதென்று விதித்தது. 2004 முதல் அச்சரக்கையே விலக்கியது.

உபாயங்களுள் பழையது காற்றூட்டல். உயர்ந்த கோபுரத்தில் நீரை மேலிருந்து வீழ்த்தி, கீழிருந்து காற்றைச் செலுத்துவார்கள். பென்ஸீன் எளிதில் பறந்துவிடும். எம்.டி.பி.ஈ. நீரை விட்டுப் பிரிய அதில் பத்தில் ஒரு பங்கு நாட்டமே உடையது. ஆகையால் காற்று பன்மடங்கு வேண்டும். கடின நீராயின் கோபுரத்தினுள் சுண்ணாம்பு படியும். தவிர, நீரிலிருந்த விஷத்தைக் காற்றிலே விடுவது சுத்தியாகுமா?

ஓசோனும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் கலந்து எரித்துவிடும் முறை உயர்ந்ததே. பொருள் அங்கேயே அழிகிறது. ஆனால் அரைகுறையாய்ச் செய்தால் டி.பி.ஏ. என்ற வேறொரு சரக்கு மிஞ்சும். நீரில் புரோமைடு இருப்பின் புரோமேட் என்னும் புதுக்கேடு பிறக்கும். தேர்ந்த கெமிஸ்டும் தடையற்ற மின்சாரமும் இல்லாத ஊருக்கு இது பொருந்தாது. இதை உண்டு தீர்க்கும் நுண்ணுயிர்களும் உண்டு. அவை பழகப் பல மாதங்கள் ஆகலாம்.

எஞ்சியது கரி. நிலக்கரியிலிருந்து செய்ததைவிடத் தேங்காய்ச் சிரட்டைக் கரியே இந்த ஈதரை அதிகமாகப் பற்றுகிறதென்று அமெரிக்கச் சோதனைகள் கண்டன. அச்சிரட்டைக் கரியோ நமது காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கங்களில் உண்டாகி, கப்பலேறி அன்னிய நாடுகளின் நீரைச் சுத்தி செய்கிறது! இதற்கும் குறையுண்டு: விரைவில் நிறைந்துவிடும், டி.பி.ஏ.யை அவ்வளவாகப் பற்றாது. ஆகவே இரண்டு கலங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, இடையிலுள்ள நீரைத் தவறாது பரிசோதித்து, முதற்கலம் தளர்ந்தவுடன் கரியை மாற்றவேண்டும். கிராமத்துக்கு இதுவே தக்கதென்று நாம் கருதுகிறோம்.

2025-இல் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதமாயிற்றே, கவலை எதற்கென்று சிலர் கேட்கலாம். நிலத்திலுள்ள நுண்ணுயிர்கள் எத்தனாலையே முதலில் உண்டு, பிராணவாயுவைத் தீர்த்துவிடுகின்றன. அதனால் பென்ஸீன் அழியாமல் அதிக தூரம் செல்கிறது.

இந்தியக் குடிநீர்த் தரப்பட்டியலில் எம்.டி.பி.ஈ.க்குத் தனி வரம்பு இல்லை. சர்க்கார் அதை உடனே விதிக்க வேண்டும். சாண்டா மோனிகா எண்ணெய்க் கம்பெனிகளோடு வழக்காடிப் பணம் பெற்றது. கரிக்கலங்கள் அமைத்துக் கிணறுகளை மீண்டும் திறக்க அந்நகரத்துக்குச் சுமார் 15 ஆண்டுகள் சென்றன. ஒரு பஞ்சாயத்து அவ்வளவு காலம் வழக்காட இயலாது. தொட்டி புதைக்க அனுமதி அளிக்கும்போதே, சுற்றுக்கிணறுகளை ஆண்டுதோறும் பரிசோதிக்கும் செலவைத் தொட்டிக்குடையவரிடம் முன்பணமாகக் கட்டச் செய்யுமாறு சர்க்காரைக் கேட்டுக்கொள்கிறோம்.