அந்திப் பொழுதின் அரைமணி நேரம்



மேட்டூர் அணையின் கிழக்குக் கரைக் கால்வாய் பாயும் எங்கள் எடப்பாடி வட்டாரத்தில், மார்கழி, தை மாதங்கள் நெல் அறுவடைக் காலமாகும். ஈரம் வற்றாத வயலில் டயர் வண்டி புதைந்துவிடும். ஆகவே பெல்ட் வண்டி என்று உழவர் வழங்கும் அறுவடைப் பொறியை இறக்குகின்றனர். அதன் அகன்ற ரப்பர்ப் பட்டைகள் எடையைப் பெரும்பரப்பில் பகிர்ந்து தாங்குவதால் அது சேற்றில் அமிழ்வதில்லை.

சேற்றில் அமிழாத அப்பொறிக்குச் சேறே பகையாவதும் உண்டு. பட்டையின் உட்புறத்தில் பற்சக்கரமும் உருளைகளும் உள்ளன. அவற்றினிடையே களிமண்ணும் வைக்கோலும் புகுந்து, காய்ந்தால் செங்கல்போல் இறுகிவிடும். பட்டை அளவுக்கு மீறி இழுபடும். உருளைகள் சுழலாமல் தேயும். மசகைக் காக்கும் வளையங்கள் கிழிந்து பேரிங்கினுள் மண் புகும்.

என் பழைய மாணவர் ஒருவர் கடன் பெற்று இத்தகைய பொறி வாங்கினார். ஓய்வின்றி ஓட்டிய மூன்று நாட்களும் அதைத் துப்புரவு செய்யவில்லை. நான்காம் நாள் நடுவயலில் பட்டை கழன்றது. பழுது பார்க்க இரண்டு நாளாயிற்று. அதற்குள் பெய்த மழையில் விளைந்த கதிர் சாய்ந்து, நீரில் கிடந்து முளைவிட்டது. வயலுக்கு உரியவரும் என் மாணவரே. இருவரும் ஒரே பலகையில் அமர்ந்து படித்தவர்கள். “அரைமணி நேர வேலைதான் ஐயா, நாளைக்கு ஆகட்டும் என்று விட்டுவிட்டேன்” என்றார் அவர். கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

நம் ஊரில் சில நாள் கழித்து வரும் கேடு, பனி நாட்டில் ஒரே இரவில் வந்துவிடும். 1948ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள், ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரமுள்ள சோஜி லா கணவாயில் நம் படையின் டாங்கிகள் ஏறின. அவற்றுக்குப் பாதை அமைத்தவர்கள் மதராஸ் சாப்பர்ஸ் பொறியாளர் படையினர். அத்தகைய இமயக் கணவாய்களில், 1960இல் தோன்றிய எல்லைச் சாலைகள் நிறுவனம் இன்று புல்டோசர்களால் பனியை அகற்றி வருகிறது. அங்கே சங்கிலித் தடத்தில் ஒட்டிய ஈரமண் இரவில் உறைந்து கல்லாகும். நீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு விரியும் அல்லவா? தடம் தரையோடும் ஒட்டிக்கொள்ளக்கூடும். காலையில் வலிந்து இயக்கினால் பாகங்கள் முறியும். ஆதலால் அந்தியிலேயே மண்ணைச் சுரண்டி எடுத்து, மரப்பலகைகளின்மீது பொறியை நிறுத்துவது முறை. உறையும் குளிரில் ஈரம் தங்குமாறு கழுவுதல் தீது.

நம் ஊர் முறையையும் கேளுங்கள். முதலில் எஞ்சினை நிறுத்திச் சாவியைத் தம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஓடும் பட்டையினுள் கை நீட்டுவோர் கையை இழப்பர். மண்ணைச் சுரண்டிய பின்னரே கழுவ வேண்டும். பேரிங், மின்கம்பி, காற்று வடிகட்டி ஆகியவற்றின்மீது நீரைப் பீய்ச்சலாகாது. ரப்பரில் சிந்திய டீசலைத் துடைத்துவிட வேண்டும். பட்டையின் தொய்வை மண் நீங்கிய பிறகே அளக்க வேண்டும்; மண்ணோடு அளந்தால் அளவு பொய்யாகும். இறுதியில் கிரீஸ் இட்டால் உட்புகுந்த நீரும் வெளியேறும்.

அம்மாணவரின் பொறி இன்றும் ஓடுகிறது. மாலைதோறும் விளக்கொளியில் அவர் மண் சுரண்டும் ஓசை என் வீட்டுத் திண்ணைவரை கேட்கிறது.